சோற்றுக்கும் மறதிக்கும் நடுவே

2023 ஜூலையில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் உணவுச் சோதனையின் முடிவு வெளியானது. சிகாகோவிலும் பாஸ்டனிலும் 604 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து நடத்திய சோதனை அது. எல்லோரும் 65 வயதை எட்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது மறதிநோய் வந்திருந்தவர்கள். பாதிப் பேர் ‘மைண்ட்’ என்ற உணவுமுறைக்கு மாறினார்கள். கீரை, பருப்பு வகைகள், முழுத்தானியம், கொட்டைகள், பெர்ரிப் பழங்கள், வாரம் ஒருமுறையாவது மீன், சமைக்க ஆலிவ் எண்ணெய் என்பது அதன் சாரம். வெண்ணெய், சீஸ், ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி போன்றவை, இனிப்பு, பொரித்த பண்டம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மீதிப் பேர் வழக்கமான சாப்பாட்டையே தொடர்ந்தார்கள். இரு தரப்புக்கும் கலோரியை மட்டும் கொஞ்சம் குறைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், நினைவாற்றல் தேர்வுகளிலும் சரி, மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் சரி, இரு தரப்புக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இந்த உணவுமுறையை வகுத்தவர் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்த்தா கிளேர் மாரிஸ். 2015இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. 923 முதியவர்களிடம் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார். இந்த முறைக்கு மிக நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் நோய் வந்த விகிதம் 53 சதவீதம் குறைவாக இருந்தது. ஓரளவு ஒத்துப்போனவர்களுக்கு 35 சதவீதம் குறைவு. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் 604 பேரின் சோதனை. அதன் முடிவைப் பார்க்காமலேயே 2020இல் அவர் காலமானார்.

அந்த 53 சதவீதம் எங்கே போயிற்று? மூளைக்கும் உணவுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வருகிற யாரும் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வல்லாரை லேகியம் தொடங்கி வால்நட் பொட்டலம் வரை ‘ஞாபகசக்தி’ என்ற பெயரில் விற்கப்படும் எதுவும் இந்தக் கேள்வியின் பக்கமே வருவதில்லை. உணவினால் ஒன்றும் ஆகாது என்று கையை விரிக்கிறவர்களும் வருவதில்லை. இரு தரப்பும் தவறு என்பது என் முடிவு. உணவு மூளையைக் காக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. நடுவே ரத்தக்குழாய் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, ஓரிரு வைட்டமின்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் சோறு மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

முதலில் அந்த 53 சதவீதம். தினமும் கீரையும் கொட்டைகளும் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் படித்தவர், வசதி உள்ளவர், நடைப்பயிற்சி போகிறவர், புகைபிடிக்காதவர், மருத்துவரிடம் தவறாமல் போகிறவர். அவர் மூளை நன்றாக இருப்பதற்குக் கீரைதான் காரணம் என்று எப்படிப் பிரித்தெடுப்பது? ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு இந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்க்கிறார்கள், முழுவதும் கழிவதில்லை. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. அல்சைமர் நோயின் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்தில் மனிதரின் பசி மாறுகிறது, சுவை மாறுகிறது, சந்தைக்குப் போய்க் காய்கறி பார்த்து வாங்கிச் சமைக்கும் சுறுசுறுப்பு குறைகிறது. மோசமான சாப்பாடு நோயைக் கொண்டுவந்ததா, தொடங்கிவிட்ட நோய் சாப்பாட்டை மோசமாக்கியதா என்பது நாலைந்து ஆண்டு ஆய்வில் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். லண்டனில் அப்படிக் காத்திருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ‘வைட்ஹால் 2’ ஆய்வில், 8,225 பேரின் நடுவயது உணவுத்தரத்தை அளந்து, சுமார் 25 ஆண்டுகள் கழித்து யாருக்கு மறதிநோய் வந்தது என்று பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: நடுவயதில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவருக்கும் சுமாராகச் சாப்பிட்டவருக்கும் மறதிநோய் வாய்ப்பில் வேறுபாடு தெரியவில்லை.

இதோடு நிறுத்தினால் உணவுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடும். ஆனால் அதே வைட்ஹால் ஆய்விலிருந்து இன்னும் இரண்டு முடிவுகள் வந்திருக்கின்றன. ஐம்பது வயதில் மேல் ரத்த அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் கூடுதலாக வந்தது. அறுபதிலும் எழுபதிலும் அளந்த அழுத்தத்துக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. சர்க்கரை நோய் எவ்வளவு இளவயதில் வந்ததோ அவ்வளவுக்கு ஆபத்து கூடியது. அறுபதுக்கு முன்பே சர்க்கரை வந்து எழுபதை எட்டியவருக்கு, சர்க்கரை இல்லாத எழுபது வயதுக்காரரைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வாய்ப்பு இருந்தது. மூன்று முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் விஷயம் துலங்குகிறது. உணவுக்குப் போடும் மதிப்பெண் எதையும் காட்டித் தராத இடத்தில், அந்த உணவு உடம்பில் விட்டுச்செல்லும் எண்கள் காட்டித் தருகின்றன.

உடல் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று மூளையிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ரத்தம் நொடிக்கு நொடி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மூளையின் ஆழத்தில் வெள்ளைப் பகுதிக்குள் போகும் ரத்தக்குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. பல ஆண்டுகள் கூடுதல் அழுத்தத்திலும் கூடுதல் சர்க்கரையிலும் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, ஆங்காங்கே அடைபடுகின்றன. ஒவ்வொரு அடைப்பும் கடுகளவுதான் பாதிக்கும். கையும் காலும் விழாது, வாய் கோணாது, யாருக்கும் தெரியாது. பத்து, இருபது, முப்பது என்று சேரும்போது நடை தளர்கிறது, கணக்கு தடுமாறுகிறது, முடிவெடுக்கச் சிரமமாகிறது. அல்சைமர் மாற்றங்களும் அதே மூளையில் இருந்தால் இரண்டும் சேர்ந்து பாதிப்பைக் கூட்டுகின்றன. முதியவர்களின் மறதிநோயில் பெரும்பகுதி இப்படிக் கலந்து வருவதுதான்.

‘லான்செட்’ ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணிக்கிறது. அந்தப் பதினான்கில் உணவு என்று ஒரு வரி இல்லை. உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, உடல்பருமன் இருக்கிறது, கெட்ட கொலஸ்ட்ரால் இருக்கிறது, அளவுமீறிய மது இருக்கிறது. உணவு இந்த ஐந்துக்குள்ளும் பிரிந்து கிடக்கிறது.

எனவே உணவை மட்டும் தனியே மாற்றாமல் இவற்றை எல்லாம் சேர்த்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று பார்த்த நாடு பின்லாந்து. அதற்கு அந்த நாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1960களில் பின்லாந்தின் கிழக்கு மாகாணமான வட கரேலியாவில் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் சாய்ந்தார்கள். வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், உப்பு, புகை. 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் மாகாணம் முழுவதும் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவமனைக்குள் உட்காராமல் ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் சங்கங்களைக் கூட்டிக் காய்கறி சேர்த்த சமையலைச் செய்து காட்டினார்கள், பேக்கரிகளிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், பால்பண்ணைக்காரர்களை பெர்ரி சாகுபடிக்குத் திருப்பினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நடுவயது ஆண்களின் மாரடைப்பு மரணம் பல மடங்கு சரிந்தது.

அந்த மண்ணிலிருந்துதான் ‘ஃபிங்கர்’ சோதனை வந்தது. மீயா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுவரையுள்ள 1,260 பேர், இரண்டு ஆண்டுகள். ஒரு குழுவுக்கு உணவு மாற்றம், உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலானவற்றில் தொடர் கண்காணிப்பு என நான்கும் சேர்த்து. மற்றக் குழுவுக்குப் பொதுவான அறிவுரை. 2015இல் வந்த முடிவில், அறிவாற்றல் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் முதல் குழுவின் முன்னேற்றம் மற்றக் குழுவினுடையதைவிட 25 சதவீதம் கூடுதல். சமையலறையில் நடந்தது ஆடம்பரமாக எதுவும் இல்லை: காய்கறியும் பழமும் கூட, முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால், வாரம் இருமுறையாவது மீன், உப்பும் சர்க்கரையும் குறைவாக. இதே வழியில் அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்த ‘பாயின்டர்’ சோதனையின் முடிவு 2025 ஜூலையில் வந்தது. நெருக்கமாக வழிநடத்தப்பட்ட குழுவும், தானே பார்த்துக்கொள் என்று விடப்பட்ட குழுவும் முன்னேறின. வழிநடத்தப்பட்ட குழு சற்றுக் கூடுதலாக. வித்தியாசம் சிறியது. இந்தத் துறையில் பெரிய எண் வந்தால் சந்தேகப்படுவதும், சிறிய எண் நல்ல சோதனையிலிருந்து வந்தால் மதிப்பதும் நல்ல பழக்கம்.

இனி நம் தட்டுக்கு வருவோம். சென்னையில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வொன்று, நகரவாசிகளின் தினசரிக் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவதாகக் கண்டது. அது கூடக்கூடச் சர்க்கரை நோயும் கூடியது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். மேலே சொன்ன வைட்ஹால் முடிவுகளோடு இந்த எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இன்று நாற்பதில் இருக்கும் நம்மவர்கள் எழுபதை எட்டும்போது என்ன காத்திருக்கிறது என்பது விளங்கும்.

நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஒருநாள் சாப்பாட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். காலையில் சர்க்கரை போட்ட காபி, பிறகு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, முதலில் சாம்பார், அடுத்து ரசம், கடைசியில் நீர்மோர், மூன்று தடவையும் சோறு. பொரியல் இலை ஓரத்தில் ஒரு கரண்டி. சாம்பாரில் பருப்பு கரைந்து கிடக்கிறது, கரண்டியில் அகப்படுவது குறைவு. தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும். மாலையில் இரண்டு பிஸ்கட், காபி. இரவு தோசை அல்லது ரவா உப்புமா. இதில் மாவுச்சத்து ஐந்து வேளையும் வருகிறது. புரதம் எந்த வேளையிலும் சரியாக வரவில்லை. கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மாக்கள் இன்னும் மோசம். ‘ஒருத்திக்கு என்னத்த சமைக்கிறது’ என்று காலையில் வைத்த ரசத்தையே இரவும் ஊற்றிக்கொள்கிறார்கள். பல் விழுந்த பிறகு காய், கடலை, கீரைத்தண்டு எல்லாம் தட்டைவிட்டுப் போய்விடுகின்றன. மிஞ்சுவது குழைந்த சோறு. நல்ல பல்செட்டு ஒன்று எத்தனையோ ‘ஞாபகசக்தி’ டப்பாக்களைவிட அந்தத் தட்டை மாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பாட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று சொல்கிறது. சமைக்காத எடை இது. காய்கறி தானியத்தைவிடக் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நம் இலையில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். சோற்றை விடச் சொல்லவில்லை. சோற்றையும் பொரியலையும் இடம் மாற்றச் சொல்கிறேன். ஆலிவ் எண்ணெயும் புளூபெர்ரியும் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பெயினில் 447 பேரிடம் நடந்த சோதனையில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூடுதலாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் சாப்பாடு அறிவாற்றலைத் தாங்கிப் பிடித்தது உண்மை. அந்த ஊரில் விளைவதை அவர்கள் சாப்பிட்டார்கள். நமக்கு நிலக்கடலையும், முருங்கைக்கீரையும், கொண்டைக்கடலைச் சுண்டலும், மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் இருக்கின்றன. ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த மீன்களில் மத்தி முன்வரிசையில் நிற்பது. விலையும் குறைவு.

உப்பைப் பற்றி ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உணவை மாற்றியதன் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த இடங்கள் குறைவு. வட சீனக் கிராமங்கள் 600இல் 20,995 பேர். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். வேறெதையும் மாற்றவில்லை. சுமார் ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021இல் வெளியானது. ஒவ்வொரு பக்கவாதமும் மறதிநோய்க்கு ஒரு வாசல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் இந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் குறைக்க யாரையும் கேட்க வேண்டாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மூளைக்கு உதவுகிறதா என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ‘ஸ்பிரின்ட்’ சோதனையில், மேல் அழுத்தத்தை மருந்தால் 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, மறதிநோயின் முன்கட்டமான லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது.

மஞ்சள் கதையைச் சொல்லாமல் தமிழில் இதைப்பற்றி எழுத முடியாது. 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அல்சைமர் நோய் புதிதாக வரும் விகிதம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதேபோல் அளந்த பகுதியின் விகிதத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டியது. இந்தியர்கள் தினமும் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் என்று பேச்சு கிளம்பியது. ஆய்வாளர்கள் அப்படி முடிவு சொல்லவில்லை; ஆயுள் குறைவு, இன்ன பிற காரணங்களையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஆனால் மஞ்சள் கதை அதற்குள் பரவிவிட்டது.

அதற்குப் பதில் வேலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தது. உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற குறையைப் பெயராகவே வைத்துக்கொண்ட ‘10/66’ குழுவின் ஆய்வுக்களங்கள் இவை. 2008இல் வெளியான முடிவில், அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்து அளந்தபோது இந்தியக் கிராமப்புறத்தில் மறதிநோய் வெறும் 0.3 சதவீதம். குழுவே உருவாக்கிய அளவுகோலில், உலகில் அவர்கள் அளந்த எந்தக் களத்திலும் ஐந்து சதவீதத்துக்குக் குறையவில்லை. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அமெரிக்க அளவுகோல், மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்கச் சொல்கிறது. வேலூர் கிராமத்தில் எழுபத்தைந்து வயதுப் பாட்டியிடம் யாரும் கணக்குப் பார்க்கச் சொல்வதில்லை, பஸ் ஏறி ஊருக்குப் போகச் சொல்வதில்லை. சோறு தட்டில் போட்டுக் கையில் வருகிறது. கேட்டால் மருமகள், ‘வயசாச்சு, மறதி இருக்கத்தானே செய்யும், மத்தபடி ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க’ என்பார். குடும்பம் தாங்கிக்கொண்டதை அளவுகோல் ஆரோக்கியம் என்று பதிந்துவிட்டது. பின்னர் நாடு முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகக் கணித்தது. கிராமத்தில் நகரத்தைவிடக் கூடுதல். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். எல்லார் வீட்டிலும் மஞ்சள் டப்பா இருக்கத்தான் செய்கிறது.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை மருந்தாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 36 அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலன் இல்லை. அங்கேயே நோயில்லாத 40 பேரிடம், உடலில் நன்றாகச் சேரும்படி தயாரித்த குர்குமினை 18 மாதம் கொடுத்ததில் நினைவு மேம்பட்டது. நாற்பது பேர் ஒரு முடிவுக்குப் போதாது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதமே. அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. குழம்புக்கு மஞ்சள் போடுங்கள், மூளைக்காக மாத்திரை வாங்காதீர்கள். வல்லாரை, நீர்ப்பிரமி பற்றியும் இருப்பவை சிறு சோதனைகள்தான். கீரை என்ற அளவில் வல்லாரைத் துவையல் நல்ல சாப்பாடு.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முடிவுகள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கின்றன. ஜின்கோ மூலிகை: 3,069 பேர், பலன் இல்லை. பிரான்ஸில் 1,680 பேரிடம் மூன்று ஆண்டு மீன் எண்ணெய்: பலன் இல்லை. வைட்டமின் ஈ, செலினியம்: மறதிநோயைத் தடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, மறதிநோயைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, ஒமேகா-3, பலசத்து மாத்திரைகள் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்றே சொல்கிறது. பலசத்து மாத்திரையில் சிறு பலன் தெரிந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை அதற்குப் பிறகு வந்திருக்கிறது. அது தவிர களம் வெறுமைதான்.

ஆனால் குறைபாடு உள்ளவருக்கு அந்தக் குறையை நிரப்புவது வேறு விஷயம். இங்கேதான் தமிழ்நாட்டு வீடுகளில் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: வைட்டமின் பி12.

இந்த வைட்டமின் செடிகொடிகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இவற்றில் இருக்கிறது. மாவு புளிப்பதால் இட்லியில் பி12 வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஒருநாள் தேவை சுமார் 2.5 மைக்ரோகிராம்; 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராமைத் தொட்டால் அதிகம். இரண்டு வேளைக் காபிக்கு ஊற்றும் பாலும், தண்ணீர் விட்டுப் பெருக்கிய ஒரு டம்ளர் மோரும் எவ்வளவு தரும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். சாப்பிட்டால் மட்டும் போதாது. உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். வயதாக ஆக அமிலம் சுரப்பது பலருக்குக் குறைகிறது. அதன் மேல் நாம் இரண்டு மாத்திரைகளை ஏற்றுகிறோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12ஐக் குறைக்கும். ‘கேஸ்’ தொல்லைக்கு பான்டபிரசோல் அல்லது ஒமிபிரசோல், அமிலச் சுரப்பையே வெகுவாகக் குறைக்கும். சைவச் சாப்பாடு, எழுபது வயது, பத்து ஆண்டு மெட்ஃபார்மின், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. நாலும் ஒரே ஆளிடம் இருப்பது நம் ஊரில் அரிதா, என்ன?

பி12 குறைந்தால் கால் எரியும், மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும், சிடுசிடுப்பு வரும். கால் எரிச்சலைச் சர்க்கரையின் தலையிலும், மறதியை வயதின் தலையிலும் போட்டுவிட்டு வீடு சும்மா இருந்துவிடுகிறது. மறதிநோய்க்கான காரணங்களில் திருப்பக்கூடியவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. காலத்தோடு பிடித்து ஊசியோ அதிக அளவு மாத்திரையோ கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். விட்டுவிட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு: ரத்தசோகை சரியாகிவிடும், அடியில் நரம்பு அழிவது தொடரும்.

குறையை நிரப்புவதற்கும் தேவையில்லாமல் ஊட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ‘விட்டாகாக்’ சோதனை அழகாகக் காட்டியது. எழுபதைக் கடந்த, நினைவு லேசாக மங்கத் தொடங்கிய 168 பேரின் மூளையை இரண்டு ஆண்டு இடைவெளியில் ஸ்கேன் செய்தார்கள். ஃபோலிக் அமிலம், பி12, பி6 மூன்றும் எடுத்தவர்களுக்கு மூளை ஆண்டுக்கு 0.76 சதவீதம் சுருங்கியது. சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.08. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்தவர்களுக்கு, அதாவது இந்த வைட்டமின்கள் உண்மையிலேயே போதாமல் இருந்தவர்களுக்கு, சுருக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. அந்த அளவு ஏற்கெனவே சரியாக இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. பின்னர் அதே தரவை ஆராய்ந்தபோது, ஒமேகா-3 அளவு நன்றாக இருந்தவர்களுக்கே பி வைட்டமின் வேலை செய்திருந்தது தெரிந்தது. ஒரு சத்து இன்னொன்றை நம்பி நிற்கிறது. அதனால்தான் மாத்திரையாகப் பிரித்தெடுத்தால் தோற்பது சாப்பாடாக வரும்போது உதவுகிறது என்று கருதுகிறேன்.

எடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நடுவயதில் பருமன் ஆபத்து. முதுமையில் கதை மாறுகிறது. எண்பதை நெருங்குகிறவர் முயலாமலேயே மெலிந்துகொண்டு போனால், அது வரப்போகும் மறதிநோயின் முன்னறிகுறியாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். அவரிடம் போய் அரிசியைக் குறை, எண்ணெயைக் குறை என்று நாற்பது வயதுக்காரருக்குச் சொல்வதையே சொல்வது கொடுமை. அவருக்கு ஒரு முட்டை கூட்டுங்கள், ஒரு கிண்ணம் சுண்டலை வேகவைத்து மசித்துக் கொடுங்கள், பாலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். லான்செட் பட்டியலில் தனிமையும் ஒரு காரணம்.

இதில் அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 250 கிராம், நாளுக்கு எட்டு கிராம் சொச்சம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது 85 கிராம். இந்த ஏற்பாட்டினால் பட்டினி ஒழிந்தது பெரிய சாதனை, அதில் எனக்கு ஐயமே இல்லை. அடுத்த கட்டம் பருப்பின் அளவைக் கூட்டுவது, கூடவே கொண்டைக்கடலையையும் நிலக்கடலையையும் சேர்ப்பது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மூளையைக் காக்கும் திட்டம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை; உண்மையில் தமிழ்நாட்டிலேயே பெரிய மறதிநோய்த் தடுப்புத் திட்டம் அதுதான். வாசலில் நிற்கும் அந்தத் தன்னார்வலரின் பதிவேட்டில் மூன்று கேள்விகளைக் கூட்ட வேண்டும்: கடைசி மூன்று மாதத்தில் எடை குறைந்ததா, மறதி கூடியதாக வீட்டார் கவனித்தார்களா, மெட்ஃபார்மின் எத்தனை ஆண்டாகச் சாப்பிடுகிறார். மூன்றாவதற்குப் பதில் நாலைந்து ஆண்டைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பி12 பார்க்க வசதி வேண்டும்.

படிக்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் இந்த மாதமே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12ஐயும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.